உடைந்த மரையாணியும் உலோகத்தைத் தின்னும் மின்பொறியும்

வாசகர்களே, எஃகு மரையாணி ஒன்று முறியும் ஓசையை நீங்கள் கேட்டதுண்டா? அது பெரிய ஓசை அன்று. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்தாற்போல் ஒரு சிறு 'டக்'. ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஒரு கணம், அதுவரை மலைபோல் நின்ற ஸ்பானர் திடீரென்று இளகும். 'அப்பாடா, விட்டுக்கொடுத்து விட்டது' என்று மனம் மகிழும். அந்த மகிழ்ச்சி முடிவதற்குள் தலையும் பாதி உடலும் கையோடு வந்துவிடும். மறு பாதி உள்ளேயே தங்கிவிடும்.

சென்ற கோடை விடுமுறையில், தருமபுரியில் என் வீட்டு வேப்பமரத்தடியில், எனக்கு இது நேர்ந்தது. வண்டி, பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய கார். வாரம் ஒரு முறை அப்பாவைச் சேலத்துக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது அதில்தான். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடப்பக்க முன்சக்கரத்தில் 'கடக்' என்று ஓர் ஒலி எழத் தொடங்கியது. பார்த்ததில் பந்து மூட்டு தேய்ந்திருந்தது. நம் தோளில் கிண்ணமும் பந்தும் சேர்ந்திருப்பதுபோல் அமைந்த மூட்டு இது. சக்கரம் மேலும் கீழும் அசையவும், இடமும் வலமும் திரும்பவும் இதுவே இடங்கொடுக்கிறது. இம்மூட்டின் தண்டை, சக்கரத்தைத் தாங்கும் 'நக்கிள்' என்ற கனத்த இரும்புத் துண்டு, பிளவுபட்ட ஒரு வளையத்தால் கவ்விக்கொண்டிருக்கும். அந்தப் பிளவை இறுக்கி மூடுவது 10 மி.மீ. தடிமனுள்ள ஒரே ஒரு மரையாணி. அதைக் கழற்றிவிட்டால் மீதி வேலையை நானே முடித்துவிடலாம் என்று எண்ணினேன்.

ஆணி அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் இரண்டடி நீளமுள்ள தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி அழுத்தினேன். முறிந்தது.

நான் இயற்பியல் ஆசிரியன். திருப்புத்திறன் என்பது விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன். குழாயைச் செருகுவதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டியவன். இப்போது உங்களுடன் சேர்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

மரையாணியின் தலையில் 8.8 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். முதல் எட்டை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு அறுபடாமல் தாங்கும் இழுவிசை நியூட்டனில் கிடைக்கும், இங்கே 800. இரண்டு எண்களையும் பெருக்கிப் பத்தால் பெருக்கினால் வருவது 640. இது, எஃகு மீண்டும் பழைய நீளத்துக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்கும் எல்லை. இத்தகைய 10 மி.மீ. ஆணியை முறுக்கி அறுக்க ஏறத்தாழ 75 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் போதும். அந்த ஆணிக்குரிய ஸ்பானரின் நீளம் ஏறத்தாழ 18 செ.மீ. அதை மட்டும் பிடித்து 75 நியூட்டன் மீட்டர் பெற வேண்டுமானால், 42 கிலோ எடையுள்ள மூட்டையைத் தூக்குமளவு அழுத்த வேண்டும். அது சாதாரணமாக ஒரு கையால் ஆகிற காரியம் அன்று. ஸ்பானரின் நீளத்தை அளவோடு வைத்ததில் ஒரு காப்பு இருக்கிறது. நானோ 60 செ.மீ. குழாயைச் செருகினேன். இப்போது 15 கிலோ அழுத்தம் போதும்; 88 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். பள்ளிச் சிறுவன் சாய்ந்து நின்றாலே ஆணி அறுந்திருக்கும்.

சரி, ஏன் அசையவில்லை? துருதான். இரும்பு ஆக்சிசனோடும் ஈரத்தோடும் சேர்ந்து துருவாகும்போது, தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அடைத்துக்கொள்ளும். மரைக்கும் மரைக்கும் இடையே உள்ளது தலைமுடிப் பருமன் சந்து. அதற்குள் துரு வீங்கினால் எங்கே போகும்? இரு பக்கச் சுவர்களையும் நெருக்கும். நாம் ஸ்பானரால் வெல்ல வேண்டியது, பிறகு, ஆணியின் இறுக்கத்தை மட்டும் அன்று. பதினைந்து மழைக்காலங்களின் நெருக்கத்தையும்தான். 'மரை கழன்றவன்' என்று நாம் ஒருவரைக் கேலி செய்கிறோம். மரை கழலாமல் நிற்பதன் துன்பம் அந்தச் சொல்லை ஆக்கியவருக்குத் தெரிந்திருக்காது.

பட்டறைக்குப் போனது

நக்கிளை முழுவதுமாகக் கழற்றி ஒரு கோணிப் பையில் போட்டுக்கொண்டு, சேலம் சாலையில் உள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலை அது. கணவாயில் இறங்கும் லாரிகளின் பட்டைகளும் யூ போல்ட்டுகளும் அங்கே எப்போதும் குவிந்து கிடக்கும். அறுபது வயது மெக்கானிக் ஒருவர் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "குழாய் போட்டீங்களா சார்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை.

முதலில் அவர் செய்தது சூடேற்றுவது. துளையைச் சுற்றியுள்ள இரும்பைக் கேஸ் சுடரால் சிவக்கக் காய்ச்சினார். இதன் அறிவியல் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும்போது, வறட்டி அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைக் காய்ச்சுவார்கள். பட்டை விரியும். மரச் சக்கரத்தின்மேல் எளிதில் ஏறும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கிக் கவ்வும். இங்கே வேண்டியது முதல் பாதி மட்டும். எஃகு, ஒரு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 10 மி.மீ. துளையை 400 டிகிரி சூடேற்றினால் அது ஏறத்தாழ 0.05 மி.மீ. அகலும். நீங்கள் இப்போது படிக்கும் தாளின் பாதித் தடிமன் இருக்கலாம். துருவின் பிடியை உடைக்கப் பல சமயம் இதுவே போதுமானது. என் காரியத்தில் போதவில்லை. வெப்பம் உள்ளே இருந்த ஆணிக்கும் பரவி அதுவும் கூடவே விரிந்துவிட்டது.

முறிந்த ஆணி வெளியே சற்று நீட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு. அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டு, நட்டைத் திருகினால் ஆணியும் கூடவே வந்துவிடும். சுவீடனில் ஆஸ்கார் செல்பெரி என்பவர் மேற்பூச்சுப் பூசிய வெல்டிங் குச்சியை உருவாக்கி, 1904ஆம் ஆண்டில் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அன்று முதல் உலகெங்கும் பட்டறைக்காரர்களை எத்தனை முறை அந்தக் குச்சி காப்பாற்றியிருக்கிறதோ, கணக்கில்லை. ஆனால் என் ஆணி பிளவின் மட்டத்துக்குக் கீழே, ஒரு குழிக்குள் முறிந்திருந்தது. அங்கே பற்றவைத்தால் ஆணி நக்கிளோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும்.

ஆகவே துளையிடுவது. இன்று நாம் எளிதாக வாங்கும் முறுக்கு டிரில்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதற்கு முன் தட்டையான, வேல் முனை போன்ற துளைக்கருவிகளே இருந்தன. அவை இரும்பை வெட்டுவதைவிடச் சுரண்டின என்பதே பொருந்தும். சீவல்கள் வெளியேற வழியின்றித் துளையிலேயே அடைத்துக்கொள்ளும். 1863இல் அமெரிக்கரான ஸ்டீவன் மோர்ஸ் இரட்டைச் சுருள் பள்ளமுள்ள டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார். சுருள் வழியே சீவல் தானே மேலேறி வெளியே வந்துவிடும். கிணற்றடியில் நீரிறைக்கும் திருகு எந்திரத்தைப் போன்ற ஏற்பாடு.

மெக்கானிக் ஆணியின் நடுவில் 5 மி.மீ. துளை போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இதையே பெருசாப் போட்டு, பன்னெண்டு எம்.எம். மரை வெட்டிடலாங்களா சார்? அரை மணியில முடிஞ்சிரும்" என்றார்.

மரை என்பது ஓர் ஒப்பந்தம்

சரி என்று சொல்ல நா எழுந்தது. ஆயினும் தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இரு நூற்றாண்டு வரலாறு நிற்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மரையாணியும் நட்டும் கணவன் மனைவி போல. இன்னதற்கு இன்னது என்று பிறந்தவை. ஒரு பட்டறையின் ஆணி அடுத்த பட்டறையின் நட்டில் ஏறாது. ஒரே பட்டறையில்கூட இடம் மாற்றி மாட்ட முடியாது. 1800ஆம் ஆண்டை ஒட்டி, இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி துல்லியமாக மரை வெட்டும் கடைசல் எந்திரத்தைச் செய்தார். அவரிடம் வேலை பார்த்தவர் ஜோசப் விட்வொர்த். இவர் செய்த காரியம் எளிமையானது. அதனாலேயே எனக்குப் பிடித்தமானது. இங்கிலாந்தின் பெரிய பட்டறைகளில் வழங்கிய மரையாணிகளைத் திரட்டினார். ஒவ்வொன்றின் புரியையும் அளந்தார். சராசரி எடுத்தார். மரையின் பக்கங்களுக்கு இடையே 55 டிகிரிக் கோணம், ஒவ்வொரு பருமனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை புரி என்று ஒரு பட்டியல் வகுத்து, 1841இல் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். எவருடைய மரையும் முழுவதும் வெல்லவில்லை. எவருடையதும் முழுவதும் தோற்கவில்லை. உலகில் முதன்முதல் நாடு தழுவிய மரைத்தரம் இப்படித்தான் பிறந்தது.

அமெரிக்கர் இதை ஏற்கவில்லை. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 60 டிகிரி போதும் என்றார். காரணம் நடைமுறை சார்ந்தது. 60 டிகிரி என்பது சமபக்க முக்கோணம். சாதாரணத் தொழிலாளியே கருவியைத் தீட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். விட்வொர்த் மரையின் உச்சியும் அடியும் வட்டமாக வளைய வேண்டும்; அதற்குக் கைதேர்ந்தவர் தேவை. ஐரோப்பியக் கண்டத்தவரோ 1898இல் சூரிச் நகரில் கூடி, மில்லிமீட்டரில் ஒரு மரைத்தரம் கண்டனர்.

இந்த மூன்றும் நம் நெடுஞ்சாலைகளில் வந்து மோதிக்கொண்டன. சென்னையில் 1955 முதல் அசோக் லேலண்டு என்ற பெயரில் ஆங்கிலேயக் கூட்டுறவோடு லாரிகள் ஆயின. அவற்றில் ஆங்கிலேய மரை. டாட்டா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்சுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. அதில் மில்லிமீட்டர் மரை. பிரீமியர் நிறுவனம் அமெரிக்க டாட்ஜ், பார்கோ வண்டிகளைக் கொணர்ந்தது. அவற்றில் அமெரிக்க மரை. ஒரு சாலையோரப் பட்டறைக்கு மூன்று வகை ஸ்பானர் தேவைப்பட்டது. ஆங்கிலேய ஸ்பானரில் பொறித்த எண், அது பிடிக்கும் ஆணியின் தடிமன். மற்றவற்றில் பொறித்தது தலையின் இரு பக்கங்களுக்கு இடையிலுள்ள அகலம். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் இந்தக் குழப்பத்துக்காக வாங்கிய குட்டுகளை எந்த வரலாற்று நூலும் பதிவு செய்யவில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடிய குழப்பம் 'கிட்டத்தட்ட' பொருந்துவதில் இருந்தது. 8 மி.மீ. ஆணியும், 5/16 அங்குல ஆணியும் தடிமனில் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான் வேறுபடும். கையால் இரண்டு சுற்று ஏறிவிடும். பிறகு இறுகும். 'துரு' என்று எண்ணி ஸ்பானர் போட்டால் இரு மரைகளும் ஒன்றையொன்று கடித்துக் குதறும். முறியும் ஆணிகளில் ஒரு பகுதி இப்படித் தவறான இடத்தில் ஏற்றப்பட்டவையே.

இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒரே அணியில் நின்றபோதும் அவர்களுடைய ஆணியும் நட்டும் எதிர் அணிகளில் நின்றன. அந்தப் பாடத்துக்குப் பிறகு, 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே அங்குல மரைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. அரை அங்குல ஆணியில் விட்வொர்த் 12 புரி, அமெரிக்கா 13 புரி என்று நடந்த நூறாண்டுப் பிணக்கு அன்று தீர்ந்தது. நம் நாடு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறைக்கு மாறியபோது மரையும் மெல்ல மெல்ல மில்லிமீட்டருக்கு வந்தது.

ஆக, என் நக்கிளில் இருந்த அந்த 10 மி.மீ. துளை வெறும் துளை அன்று. எந்த ஊர்க் கடையிலும் அதே ஆணியை வாங்கி மாட்டலாம் என்று வடித்தெடுத்த ஓர் ஒப்பந்தம். அதை 12 ஆக்கினால் சுவர் மெலியும். எதிர்ப்பக்கத் துளையையும் அகற்ற வேண்டும். பந்து மூட்டின் தண்டில் ஆணி உட்காரும் பள்ளத்துக்கும் அது பொருந்தாது. அந்த ஆணி விட்டுவிட்டால் சக்கரம் சாய்ந்துவிடும். தொப்பூர் இறக்கத்தில், முன் இருக்கையில் அப்பா அமர்ந்திருக்கும்போது அது நேர்வதை நான் எண்ணிப் பார்த்தேன். புதிய நக்கிள் வாங்கலாமே என்பீர்கள். கேட்டேன். அந்த மாதிரி வண்டி நின்றுபோய் ஆண்டுகள் ஆகின்றன. துண்டு வர மூன்று வாரம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார் கடைக்காரர்.

"மரை கெடாம எடுத்துப் பாருங்க அண்ணே" என்றேன்.

இடப்புரியின் தந்திரம்

அவர் அலமாரியிலிருந்து எடுத்தது 'ஈசி அவுட்' என்று பட்டறைகளில் வழங்கும் கருவி. நுனி சிறுத்து அடி பருத்த எஃகுக் குச்சி. உடலில் இடப்புரியாகச் சுற்றிய கூரிய வரைகள். சாதாரண ஆணி வலப்புரி. கடிகார முள் செல்லும் திசையில் திருகினால் இறுகும். எதிர்த் திசையில் கழலும். (சங்கில் நாம் சொல்லும் வலம்புரி இடம்புரிக் கணக்கோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டா. நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடச்சுழி என்றுதான் எழுதுவார்கள். எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில் வரும் வேறுபாடு அது.) ஆணியில் இட்ட துளைக்குள் இந்த இடப்புரிக் குச்சியைச் செருகிக் கடிகாரத்துக்கு எதிராகத் திருகினால், அது தன் வழிப்படி ஆழமாகக் கடித்துக்கொண்டு இறங்கும். இதற்குமேல் இறங்க முடியாது என்ற நிலை வந்ததும், அதே திருப்பல் ஆணியைக் கழலச் செய்யும். ஒரே திசையில் இரு வேலை. இதைக் கண்டுபிடித்தவரின் பெயரை அறிய எனக்கு ஆசை உண்டு.

ஆனால் ஒரு குறை. பிடித்துக் கடிக்க வேண்டுமானால் குச்சி ஆணியைவிடக் கடினமாக இருக்க வேண்டும். எஃகில் கடினமும் நொறுங்கும் இயல்பும் பெரும்பாலும் சேர்ந்தே வளர்பவை. 10 மி.மீ. ஆணியாலேயே அசையாததை, அதன் வயிற்றுக்குள் புகுந்த 6 மி.மீ. குச்சி அசைக்க வேண்டும் என்று கேட்கிறோம். மெக்கானிக் ஒரு சுற்றில் கால் பங்கு திருப்பிவிட்டு நிறுத்தினார். "பயமா இருக்குது சார்" என்றார். "இன்னுங் கொஞ்சம்" என்றவன் நான்தான்.

இரண்டாம் 'டக்'.

இப்போது நிலைமை முன்னைவிட மோசம். முறிந்த ஆணிக்குள் முறிந்த ஈசி அவுட். டிரில்லை வைத்தால் கண்ணாடிமேல் கூழாங்கல்போல் வழுக்கியது. இரண்டு டிரில்கள் முனை மழுங்கின. இதுவரை நாங்கள் ஆடியதெல்லாம் ஒரே ஆட்டம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மென்மையானதை அதைவிடக் கடினமானது வெட்டும் என்பதே அந்த ஆட்டத்தின் விதி. நாங்களே உள்ளே போட்டு முறித்தது, எங்கள் கையிலிருந்த எல்லாவற்றையும்விடக் கடினமானது. விதிப்படி ஆட்டம் முடிந்துவிட்டது.

மெக்கானிக் நக்கிளைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "ஒசூருக்கு எடுத்துட்டுப் போங்க சார். ஸ்பார்க் போடறவங்க இருக்கறாங்க" என்றார்.

கெடுதலை வேலைக்கு வைத்தவர்கள்

இதே இக்கட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்காவில் ஹரால்ட் ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் என்ற மூவர் நின்றனர். விமானங்களுக்கான அலுமினிய வார்ப்புகளில் மரை வெட்டும்போது, 'டேப்' எனப்படும் மரை வெட்டிகளும் டிரில்களும் உள்ளே முறிந்துபோகும். அலுமினியம் மென்மை, டேப் கடினம். துளையிட முயன்றால் டிரில் டேப்பை விட்டு வழுக்கி அலுமினியத்தைத் தின்னும். நல்ல வார்ப்புகள் குப்பைக்குப் போயின. உலோகத்தை உலோகத்தால் வெட்டாமல், மின்பொறியால் அரித்துவிட்டால் என்ன என்று அவர்கள் முயன்றனர். விட்டுவிட்டுப் பொறியை எழுப்பி, நீரால் குளிர்வித்து, முறிந்த டேப்பைத் துகள் துகளாக அரித்து எடுத்தனர். அலுமினிய மரை தப்பியது. ஒரு தொழில்நுட்பம் முழுவதும் முறிந்த துண்டை எடுக்கும் தேவையில் பிறந்தது என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான ஆறுதலைச் சொல்லி முடியாது.

மின்பொறி உலோகத்தை அரிக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். ஆக்சிசனைக் கண்ட ஜோசப் பிரீஸ்ட்லி, 1760களில் மின்னிறக்கம் விழுந்த உலோகப் பரப்பில் வட்ட வட்டமான வடுக்களைக் கண்டு எழுதினார். ஏறத்தாழ 175 ஆண்டுகள் அது ஒரு வேடிக்கையாகவோ, ஒரு தொல்லையாகவோ மட்டுமே இருந்தது.

தொல்லையாகப் பார்த்தவர்களில் இருவர், சோவியத் நாட்டைச் சேர்ந்த போரிஸ் லாசரென்கோ, நத்தாலியா லாசரென்கோ என்ற கணவன் மனைவியர். மின்சுற்றை அடிக்கடி மூடித் திறக்கும் டங்ஸ்டன் தொடுமுனைகள் பொறியால் அரிக்கப்பட்டுத் தேய்வதைத் தடுக்க வழி காண்பது அவர்கள் ஆய்வு. பழைய கார்களில் 'பிளாட்டினம் பாயிண்ட்' என்று நம் மெக்கானிக்குகள் சொன்ன பகுதியும் அத்தகைய டங்ஸ்டன் தொடுமுனையே. அதை உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. எண்ணெயில் மூழ்கவைத்தால் அரிப்புக் குறையுமோ என்று அவர்கள் பார்த்தனர். குறையவில்லை. ஆனால் அரிப்பு ஒழுங்காகவும் கணிக்கத்தக்கதாகவும் மாறியது. தடுக்க முடியாத கெடுதலை வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று எண்ணியதில்தான் அவர்களுடைய மேதைமை இருக்கிறது. 1943இல், போர் நடுவில், மின்பொறியால் உலோகத்தை வடிக்கும் முறையை அவர்கள் உருவாக்கினர்.

அவர்கள் பயன்படுத்திய சுற்று, நம் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் போடும் அதே மின்தடை-மின்தேக்கிச் சுற்று. மின்தடை வழியே மின்தேக்கி மெல்ல நிரம்பும். மின்வாய்க்கும் வேலைத் துண்டுக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே சந்து. அதில் மின்சாரத்தைக் கடத்தாத எண்ணெய். மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் எண்ணெயின் காப்பு உடைந்து பொறி பாயும். மின்தேக்கி காலியாகும். மறுபடி நிரம்பும். 10 மைக்ரோபாரடு மின்தேக்கி 100 வோல்ட்டில் சேர்த்து வைக்கும் ஆற்றல் 0.05 ஜூல், ஒரு கிராம் எடையுள்ள சிறு கல் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல். இதுவா எஃகைத் துளைக்கும் என்று சிரிக்காதீர்கள். அந்த ஆற்றல் முழுவதும் ஊசிமுனை அளவு இடத்தில், நொடியில் இலட்சத்தில் சில பங்கு நேரத்தில் இறங்குகிறது. அங்கே தோன்றும் வெப்பநிலை 8,000 முதல் 12,000 டிகிரி செல்சியசு வரை. சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். எஃகு அந்தப் புள்ளியில் உருகி ஆவியாகிச் சிதறும். எண்ணெய் அதைக் குளிர்வித்து அடித்துச் செல்லும். இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள்.

இங்கே கடினம் என்பதற்கு வேலையே இல்லை. சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கிய எஃகும் சாதாரண எஃகும் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே. மென்மையான செம்புக் குழாய், டிரில்லை மழுக்கிய ஈசி அவுட்டைத் தொடாமலே தின்கிறது. செம்பும் சிறிது தேயும். ஆயின் துருவமுனைகளையும் பொருளையும் தக்கபடி தேர்ந்தால் இழப்புக் குறைவு. பிறகு இந்த முறை எங்கெங்கோ வளர்ந்தது. 1960களின் இறுதியில் மெல்லிய கம்பியால் எஃகை அறுக்கும் எந்திரங்கள் வந்தன. உங்கள் பேனா மூடியும் சீப்பும் வார்த்தெடுக்கப்படும் எஃகு அச்சுகள் பலவற்றில் இந்தப் பொறியின் கைவண்ணம் உண்டு.

ஒசூரில் ஒன்றரை மணி நேரம்

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மாவட்டம் அமைந்தபோது, ஒசூர் அதன் வடகோடி. 1980இல் அசோக் லேலண்டு அங்கே ஆலை கண்டது. அதே ஆண்டு அங்கிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் சாலைக்கு வந்தது. பெரிய ஆலைகளுக்கு அச்சும் கருவியும் செய்து கொடுக்கச் சிறு சிறு கூடங்கள் தெருத் தெருவாக முளைத்தன. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஒசூர் அதனோடு போயிற்று. அப்போது நான் பள்ளி மாணவன். தேர்வுக்காகப் படித்து வைத்திருந்த 'எங்கள் மாவட்டத் தொழிற்சாலைகள்' கட்டுரையில் பாதி ஒரே நாளில் செல்லாமல் போனது இன்னும் நினைவிருக்கிறது.

கோணிப் பையோடு பேருந்தில் போனேன். ஒரு கொட்டகையளவுக் கூடம், நான்கு எந்திரங்கள். என்னைவிட வயதில் சிறிய ஓர் இளைஞர் நக்கிளைத் தொட்டியில் பொருத்தி, 8 மி.மீ. செம்புக் குழாய் ஒன்றை ஆணியின் நடுவுக்கு நேராக நிறுத்தினார். இந்த நேர் பார்த்தலுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் இருபது நிமிடம். ஏன் 8? மரையின் உட்பள்ளங்களைத் தொடாமல் நடுத்தண்டை மட்டும் அரிக்க வேண்டும். பொறி தாவும் சந்தையும் சேர்த்தால் துளை 8.1 மி.மீ. வரும், நக்கிளின் மரை உச்சிகளுக்கு இன்னும் கால் மில்லிமீட்டர் பாதுகாப்பு இருக்கும்.

எண்ணெய் நிறைந்தது. விசையைத் தட்டினார். மழைத்தூறல் தகரக் கூரையில் விழுவதுபோல் ஓர் ஒலி. எண்ணெய்க்கடியில் நீல வெளிச்சம் சிமிட்டியது. கரிய புகைபோல் துகள்கள் சுருண்டு எழுந்தன. குழாய் சுழலவில்லை, அழுத்தவில்லை, தொடவும் இல்லை. அளவுகோலின் எண் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. இரண்டு நாள் மூன்று மனிதர்களின் தசைக்கு அசையாதது, ஒரு மின்தேக்கி நிரம்பி நிரம்பிக் காலியாவதற்கு இணங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் குழாய் மறுபக்கம் வந்தது. அவர் ஒரு கூரிய குத்தூசியால் மரையின் தொடக்கத்தில் ஒட்டியிருந்த மெல்லிய எஃகைக் கிளப்பி, இடுக்கியால் பிடித்து இழுத்தார். முறுக்குப் பிழிந்தாற்போல் ஒரு சுருள் கழன்று வந்தது. என் ஆணியில் எஞ்சியிருந்தது அவ்வளவுதான். நக்கிளின் மரையில் 10 மி.மீ. டேப் ஒன்றைக் கையால் விட்டுப் பார்த்தார், தடையின்றி இறங்கியது.

கூலி, புதிய நக்கிளுக்குக் கடைக்காரர் சொன்ன விலையில் கால் பங்குகூட ஆகவில்லை.

புதிய ஆணியின் மரையில் செம்புத் தூள் கலந்த கிரீசைத் தடவினேன். மெக்கானிக்கிடமிருந்து அளவு காட்டும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி, வண்டியின் கையேடு சொன்ன எண்ணில் நிறுத்தினேன். அதைத் திருப்பித் தரப் போனபோது ஒசூரில் எடுத்த சுருளையும் கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதை விரலில் மோதிரம்போல் மாட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருசத்துல ஆணியோட தோல இப்பத்தான் பாக்கறன்" என்றார்.

அடுத்த வாரம் தொப்பூர் இறக்கத்தில் அப்பா சன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தார். அந்தச் சுருள் இப்போது எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில், மின்தேக்கிகள் வைத்துள்ள அலமாரியில், ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிறது.